கையும் காயும்

சீனக்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கும் அண்ணை, கப்பல் வேலையில் பல ஆண்டுகள் ஹொங்கொங் போய் வந்தவர். சென்ற மாதம் அவர் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, ஹொங்கொங் சனம் பேசிற சீனமொழி கண்டோனீசில கோழிக்குக் 'கை' எண்டு சொல்லுவினம், தெருவுக்குக் 'காய்'" என்றார். மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். இரண்டுக்கும் முதல் மெய் ஒன்றே, இறங்காமல் உயர்ந்து நிற்கும் தொனியும் ஒன்றே. உயிர் மட்டுமே வேறு. 'கை'யில் வாய் அரைகுறையாகத் திறந்து யகரத்துக்குள் விரைந்து அடங்குகிறது, 'காய்' என்னும்போது தாடை நன்றாக இறங்கி ஒலி நீள்கிறது. ஐகாரத்தை 'அய்' என்றும் எழுதலாம் என்று நம் இலக்கணம் சொல்வதால், இதை அய், ஆய் வேறுபாடு என்றே கொள்ளலாம். இதயம் 'சம்', மூன்று 'சாம்' என்பதும் இவ்வகையே. ஆங்கில எழுத்துப் பழக்கத்தோடு கண்டோனீஸ் படிப்பவர்கள் திணறும் இந்த இடத்தில், குறிலும் நெடிலும் பால்குடியிலேயே கேட்டு வளர்ந்த நம் காதுக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

பீக்கிங் உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்ட, சீனாவின் பொதுமொழியான மண்டரினில் இந்தக் குறில் நெடில் எதிர்நிலை கிடையாது. அங்கே மூன்று 'சான்', இதயம் 'ஷின்'. இறுதி மகரம் னகரமாகிவிட்டது. எழுத்துருவம் ஒன்றாயிருந்தும், பேச்சைக் கேட்டு ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு இவை விலகி நிற்கின்றன; இவற்றை வெறும் கிளைமொழிகள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியின் 'தே'யும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத் தென்பகுதிப் பேச்சிலிருந்து வந்ததே. தேயிலையைக் குறிக்கும் அதே சீன எழுத்தை மண்டரினிலும் கண்டோனீசிலும் 'சா' என்பர்.

ஹொங்கொங் தீவில் வான்சாய், சாய்வான் என்று இரண்டு இடங்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டு 'சாய்'களும் ஒன்றே. கண்டோனீசிலோ முன்னையது குறில், சிறியது என்று பொருள். பின்னையது நெடில், விறகு என்று பொருள். மண்டரினில் அந்த உயிர்கள் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'வான்' என்றால் குடா. "வான்சய், சாய்வான்" என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். அண்ணை வாய்விட்டு வாசித்துவிட்டு, பின்னைய சகரத்தின் மேல் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டார்: அங்கே மூச்சு வெளியே வரவேண்டுமாம். அதற்கு நம்மிடம் எழுத்தில்லை.