பருத்திமார்க் கரி: முதல் குழி சாம்பல், இரண்டாவது குழி 14 கிலோ

பங்குனியில் கடைசிப் பருத்தி எடுத்ததும் மாரைப் பிடுங்கி, வரப்போரம் குவித்துத் தீ வைப்பதுதான் விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர் வழக்கம். முன்பெல்லாம் அடுப்புக்கு ஆகும். கேஸ் வந்ததோடு அது போச்சு. பிடுங்காமல் விட்டாலும் காய்ப்புழு அதிலேயே தங்கி அடுத்த வெள்ளாமைக்கு வந்து நிற்கும். எரிக்கத்தான் வேண்டும் என்றால் கரியாகவாவது எரிப்போமே என்று இந்த வருடம் பயோசாரில் இறங்கினேன். செடியில் உள்ள கார்பன் புகையாகப் போகாமல் மண்ணிலேயே தங்கட்டும் என்று போடும் கரிதான் பயோசார்.

உலை வாங்கவில்லை. வாய் 4 அடி, ஆழம் இரண்டரை அடி, அடியில் குறுகும் கூம்புக் குழி. பக்கத்துக் காட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் சீமைக்கருவேல மூட்டம் போட்டவர். "மண்ணள்ளிப் போட்டு மூடாம எங்கிட்டிருந்து தம்பி கரி வரும்? சாம்பல்தான் வரும்" என்றார்.

மூடத் தேவையில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். தீயை மேலே வைக்கிறோம். கீழிருந்து வரும் புகையை அந்தத் தீயே தின்றுவிடும். உள்ளே இறங்கும் காற்றையும் அதுவே தீர்த்துவிடும். அதனால் அடியில் கிடப்பது எரியாமல் கரியாக நிற்கும். மேலடுக்கில் வெள்ளை பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு மாரைப் போடவேண்டும். சீக்கிரம் போட்டால் புகை, தாமதித்தால் சாம்பல். மூட்டத்தில் நாள்கணக்கில் வெளியேறும் புகையில் பூமியைச் சூடாக்கும் மீத்தேனும் உண்டு. கார்பனைச் சேமிக்கிறேன் என்று அதைக் கிளப்பிவிட்டால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. ஈர மாரைப் போட்டாலும் இதே கதைதான்.

ஆனாலும் முதல் குழியில் பெரியவர் வாக்குதான் பலித்தது. தப்பு எரித்ததில் இல்லை, அணைத்ததில். நான்கு குடம் தண்ணீர் தெளித்து, ஆவி அடங்கியதும் வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே கங்கு உயிரோடு இருந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் விபூதி!

இரண்டாவது தடவை டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டுதான் தீக்குச்சியையே உரசினேன். ஒரு மாதம் காய்ந்த மார் 65 கிலோ. இரண்டரை மணி நேரம் எரிந்தது. குழி நிரம்ப ஊற்றி, கிளறிவிட்டு, மறுபடி ஊற்றினேன். அள்ளி நிறுத்தால் 38 கிலோ. ஒரே குஷி. ஐந்து நாள் வெயிலில் காய்ந்தபின் 14 கிலோ. மிச்சமெல்லாம் தண்ணீர்!

அதில் கார்பன் 70 சதவீதம் என்று வைத்தால் சுமார் 10 கிலோ. என்னிடம் வெப்பமானி கிடையாது. 450 முதல் 600 டிகிரிக்குள் வெந்த கரியில் 80 சதவீதக் கார்பன் நூறு வருடம் கழித்தும் மண்ணில் இருக்கும் என்பது 2019-இல் ஐபிசிசி (பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு) கொடுத்த கணக்கு. என் கரியும் அந்தச் சூட்டில் வெந்தது என்று வைத்தால் 8 கிலோ. கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொல்ல 3.67-ஆல் பெருக்கவேண்டும்; பெருக்கினால் 29 கிலோ. என் டூவீலர் 12 லிட்டர் பெட்ரோல் குடித்து வெளியே விடுவது ஏறக்குறைய அவ்வளவு. ஒரு பகல் முழுக்கப் புகையும் வியர்வையுமாக நின்றதற்கு இது கொஞ்சம்தான். ஆனால் அந்த மார் எப்படியும் சாம்பலாகப் போயிருக்கும்.

சரி, எங்கே போடுவது? கரிசலில் போடவில்லை. மண் பரிசோதனையில் அதன் கார அளவு (pH) ஏற்கெனவே 8.3, கரியும் காரம்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செவல் மண்ணில் கத்தரிப் பாத்திக்கு ஒதுக்கினேன். அவசரப்பட்டு ஒரு பாத்திக்கு மட்டும் வெறும் கரியைப் போட்டதில் நாற்று இரண்டு வாரம் வெளிறி நின்றது. மண்ணில் இருந்த தழைச்சத்தைக் கரி பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். மீதியைப் பொடித்து, மாட்டுக் கோமியத்தில் நனைத்து, எருக்குழியில் சாணத்தோடு போட்டிருக்கிறேன். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள்.

பெரியவர் ஒரு துண்டை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது. "கரி நல்லாத்தான் வந்திருக்கு. இத விக்காம மண்ணுலயா போடப்போற?" என்றார்.