சால்மன், எலுமிச்சை, குடைமிளகாய்: ஒன்பது தடவை செய்து பார்த்த அனுபவம்

சால்மன் மீனை எலுமிச்சையும் குடைமிளகாயும் சேர்த்து வீட்டில் சமைக்கத் தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. இதுவரை ஒன்பது தடவை செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மீனின் எடை, சூடு, எத்தனை நிமிடம், சாப்பிட்டபோது எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை மூன்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவனுக்குள் வைத்தேன். தோலோடு இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் 180 கிராம் இருக்கும். மேலே வட்டமாக அரிந்த எலுமிச்சை, சுற்றிலும் நீளவாக்கில் அரிந்த சிவப்பு, பச்சைக் குடைமிளகாய். ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள். 200 டிகிரி, 20 நிமிடம். வெளியே எடுத்தபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வாயில் வைத்தால் மீன் வறண்டு தொண்டையை அடைத்தது. குடைமிளகாய் பாதிதான் வெந்திருந்தது. எலுமிச்சை வில்லை ஒட்டியிருந்த இடத்தில் மீன் கசந்தது. துண்டுகளின் ஓரத்தில் வெந்த முட்டை வெள்ளைக்கரு போல வெள்ளைத் திட்டுகள் வேறு.

அந்தத் திட்டு என்னவென்று தேடிப் படித்தேன். ஆல்புமின் என்ற புரதம் அது. சூடு ஏற ஏற மீனின் தசை நார்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிதுக்கி வெளியே தள்ளுகின்றன. அந்த நீரோடு வரும் ஆல்புமின் மேலே வந்து உறைந்துவிடுகிறது. சாப்பிடக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அது நிறைய வந்திருந்தால் மீன் தேவைக்கு மேல் வெந்துவிட்டது என்று அர்த்தம். கசப்புக்குக் காரணம் எலுமிச்சைத் தோலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைச் சதை. நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் அதன் கசப்பு கீழே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது தடவை நேரத்தை 12 நிமிடமாகக் குறைத்தேன். மீன் தேறியது, குடைமிளகாய் பச்சையாகவே இருந்தது. அவ்வளவுதான் நோட்டில் இருக்கிறது.

மூன்றாவது தடவைதான் குடைமிளகாயை மட்டும் முதலில் வைத்தேன். 220 டிகிரியில் 20 நிமிடம். ஓரங்கள் லேசாகக் கருகும்வரை விட்டு, அதன் பிறகு சூட்டை 200க்குக் குறைத்து, தட்டின் நடுவில் இடம் ஒதுக்கி மீனை வைத்தேன். குடைமிளகாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் கொஞ்சம் வற்றினால்தான் அதன் இனிப்பு வெளியே தெரியும். சிவப்பில் அது நன்றாகவே தெரிந்தது. பச்சை என்பது பழுக்காத காய், சிவப்பு அதே காய் பழுத்தது. அதனால் பச்சையில் எத்தனை நிமிடம் விட்டாலும் அந்த இனிப்பு வருவதில்லை. அதற்கப்புறம் பச்சையைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று வேறொரு தவறு நடந்தது. நன்றாக ஊறட்டும் என்று மீனை ஒரு மணி நேரம் எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் முழுக்க வெளுத்துப்போய், அடுப்பில் வைக்கும் முன்பே வெந்தது போல இருந்தது. சூடு செய்கிற வேலையைப் புளிப்பும் செய்யும். புரதத்தின் அமைப்பைக் குலைத்து அதை இறுகச் செய்துவிடும். ஏற்கனவே இறுகிப்போன அந்த மேல்பகுதி ஓவனில் இன்னும் வெந்து மாவு மாவாக உதிர்ந்தது. சாறு ஊற வைப்பதற்கான பொருள் இல்லை என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

சரி, ஓவனை விட்டுவிட்டு வாணலிக்கு மாறலாம் என்று தோன்றியது. மொறுமொறுப்பான தோல் வேண்டும் என்ற ஆசைதான் காரணம். இந்த ஒரு விஷயத்துக்கே இரண்டு தடவை போயிற்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்காவது தடவை தோல் மொத்தமும் வாணலியோடு ஒட்டிக்கொண்டது. மீனைத் தூக்கினால் சதை மட்டும் வந்தது. தோலில் ஈரம் இருந்ததுதான் முதல் காரணம். ஈரம் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தோல் வறுபடாமல் அவிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது காரணம் என் அவசரம். வைத்த இரண்டாவது நிமிடமே கரண்டியை அடியில் விட்டுப் பெயர்க்கப் பார்த்தேன்.

ஐந்தாவது தடவை மீனை முதலில் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. மேல்பகுதியில் இருக்கும் தசை நார்களை உப்பு கொஞ்சம் இளக்கிவிடுவதால் வேகும்போது அவை அவ்வளவாகச் சுருங்குவதில்லை. வெள்ளைத் திட்டும் வெகுவாகக் குறைந்தது. உப்பும் எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்திருந்தது. எடுத்தபின் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, கத்தியின் முதுகால் தோலை வழித்து, மறுபடி ஒற்றி, தோல் மேலே இருக்கும்படி ஃபிரிட்ஜில் மூடாமல் அரை மணி நேரம் வைத்தேன். இடையில் விரலால் தடவிப் பார்த்து நெருடிய முட்களை இடுக்கியால் எடுத்தேன். முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுக்க வேண்டும். நேர்மேலாக இழுத்தால் சதை கிழிந்துவிடுகிறது.

வாணலியை மிதமான தீயில் நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் ஊற்றி, தோல் கீழே இருக்கும்படி மீனை வைத்தேன். வைத்ததும் தோல் சுருங்கி வில் போல வளையும். அந்த நேரத்தில் தட்டைக் கரண்டியால் பத்து நொடி மெதுவாக அழுத்திப் பிடித்தால் தோல் முழுவதும் வாணலியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் பிறகு தொடவே கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் அடர்ந்த ஆரஞ்சு நிறம் கீழிருந்து மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டு மேலே ஏறுவது தெரியும். எனக்கு இந்தச் சமையலிலேயே மிகவும் பிடித்த நிமிடங்கள் அவை. கடிகாரத்தைப் பார்க்கவே தேவையில்லை. முக்கால் உயரத்துக்கு வெளிறியதும், 3 செ.மீ. கனமான துண்டுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று, கரண்டியை விட்டால் தோல் தானாகவே விட்டுக்கொடுத்தது. திருப்பிப் போட்டு ஒரு நிமிடம்தான். கடித்தபோது தோல் நொறுங்கிய சத்தம் பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டது.

ஆறாவது தடவை குடைமிளகாயையும் வாணலிக்குக் கொண்டுவந்தேன். வதக்க ஆரம்பித்ததுமே அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன், சுவை உள்ளே இறங்கும் என்று நினைத்து. இருபது நிமிடம் ஆகியும் காய் விறைப்பாகவே இருந்தது. பச்சைத் துண்டுகள் பழுப்பேறி மங்கிப்போயின. காய்கறியின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள்கள் புளிப்பில் எளிதில் கரைவதில்லை, அதனால் காய் இளகுவதற்கு அதிக நேரம் எடுக்கும். பச்சை நிறத்தைத் தரும் குளோரோஃபில்லும் புளிப்பும் சூடும் சேர்ந்தால் நிறம் மாறிவிடும். சிவப்புத் துண்டுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிவப்பு கரோட்டினாய்டு வகை நிறமி. சால்மனின் ஆரஞ்சு நிறமும் அதே குடும்பம்தான், அஸ்டாசாந்தின் என்று பெயர். கடலில் சிறு இறால் வகை உயிரிகளைத் தின்பதால் மீனுக்கு அது கிடைக்கிறது, பண்ணையில் வளர்ப்பதற்குத் தீனியில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து ஒரே தட்டில் மீனும் சிவப்புக் குடைமிளகாயும் இருப்பதைப் பார்த்தால் தூரத்து உறவினர் இருவர் சந்தித்துக்கொண்டது போல இருக்கிறது.

இந்த ஆறாவது தடவைக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எலுமிச்சை மீனுக்கு முன்னால் போனாலும் கெடுக்கிறது, காய்க்கு முன்னால் போனாலும் கெடுக்கிறது. அது கடைசியாகத்தான் வர வேண்டும். காய் முதலில், மீன் நடுவில், எலுமிச்சை கடைசியில். சேர்ந்து சமைக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சேர்ந்து பரிமாறினால் போதும் என்று முடிவு செய்தேன்.

ஏழாவது தடவை சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். துண்டின் கனமான இடத்தில் பக்கவாட்டில் குத்தி, நுனி நடுவில் நிற்கும்படி பார்க்க வேண்டும். 50 டிகிரியில் எடுத்தால் உள்ளே பட்டு போல இருக்கிறது, அழுத்தினால் மடல் மடலாகப் பிரிகிறது. 60க்கு மேல் போனால் இறுகுகிறது. அடுப்பிலிருந்து எடுத்த பின்னும் உள்ளே மூன்று டிகிரி வரை ஏறியது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மீனுக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அந்த அளவைத் தாண்டித்தான் எடுக்கிறேன். உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தால் அப்போதும் அவ்வளவாக வறண்டுபோவதில்லை. எனக்கு மட்டும் செய்யும்போது 52. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருந்தால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும் என்பதால் உறைந்த மீனையே வாங்கி, இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுகிறேன். அதற்காகக் கிருமிகளும் செத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

எட்டாவது தடவை குடைமிளகாயை நேரடியாகத் தீயில் சுட்டு, தோல் முழுக்கக் கருகியதும் ஒரு கிண்ணத்தில் போட்டு 15 நிமிடம் மூடி வைத்து, தோலை உரித்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்தேன். சுவை அருமை. ஆனால் மீனின் மேல் ஊற்றியதும் பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய தோல் ஊறிப்போனது. அடியில் பரப்பியிருக்க வேண்டும்.

ஒன்பதாவது போன ஞாயிற்றுக்கிழமை. இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள் குடைமிளகாயைப் பட்டையாக அரிந்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் 20 நிமிடம் நிதானமாக வதக்கினேன். எண்ணெயே ஆரஞ்சு நிறமாக மாறியது. அதைத் தட்டில் பரப்பி, அதே வாணலியைத் துடைத்து மீனை வறுத்தேன். இறக்கும் முன் எலுமிச்சையை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம் வாணலியில் வைத்தேன். லேசாகக் கருகி, சாறு இளஞ்சூடாகி, புளிப்பின் கூர்மை கொஞ்சம் தணிந்திருந்தது. அதைக் காயின் மேல் பிழிந்தேன், மீனின் தோல் மேல் ஒரு சொட்டுக்கூட விழாமல். பிழிவதற்கென்று எடுத்த இன்னொரு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவி மேலே தூவினேன். எலுமிச்சையின் மணம் சாற்றில் இருப்பதைவிடத் தோலின் எண்ணெயில்தான் அதிகம். வெள்ளைப் பகுதி வந்துவிடாமல் துருவ வேண்டும், அவ்வளவுதான். வேகாத சிவப்புக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி ஓரத்தில் வைத்தேன். எடைக்கு எடை பார்த்தால் எலுமிச்சையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வைட்டமின் சி அதில் இருக்கிறது, சமைத்தால் அதில் கொஞ்சம் போய்விடும்.

தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. தோலைக் கடைசி வாய்க்கென்று எடுத்து வைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு வால் பக்கத் துண்டு. 1.5 செ.மீ. கனம்தான் இருக்கிறது. தோல் மொறுமொறுப்பாவதற்குள் உள்ளே வெந்துவிடும் என்பதால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு நேராக வாணலியில் வைத்துத் திருப்பாமலே எடுத்துப் பார்க்கப் போகிறேன்.