இரும்பு டிரம்முக்குள்ள ஒரு சனிக்கிழமை

நேத்து ராத்திரி தூக்கம் வராம கியூபா ஏவுகணை நெருக்கடி (சோவியத் கியூபால அணு ஏவுகணை வச்சதால அமெரிக்காவும் சோவியத்தும் போர் விளிம்புக்கே போன சமாச்சாரம்) பத்தி படிக்க உக்காந்தேன், இருந்த கொஞ்ச தூக்கமும் போச்சு. கென்னடி, குருஷேவ் கதை எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. 1962 அக்டோபர் 27, சனிக்கிழமை, கியூபா பக்கம் கடலுக்கு அடில பி-59னு ஒரு சோவியத் சப்மரீன். டீசல்ல ஓடறது, குளிர் கடல்லயே பழகுனது, அத கொண்டுபோய் வெதுவெதுப்பான தண்ணில விட்டா என்னாகும்? உள்ள 45 டிகிரிக்கு மேல சூடு, பேட்டரி காலியாகுது, மூச்சு விட நல்ல காத்து இல்ல, ஆளுங்க மயங்கி விழறாங்க, மாஸ்கோகிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல, இதுல மேல நிக்கற அமெரிக்கக் கப்பலுங்க 'மேல வா'ன்னு சொல்றதுக்கு சின்னச் சின்ன வெடியா போட்டுட்டே இருக்கு. சிக்னலாம்! உள்ள இருந்தவங்களுக்கு இரும்பு டிரம்ல உக்கார வச்சு வெளிய சம்மட்டியால அடிச்ச மாதிரி இருந்துச்சாம்.

வெளிய சண்டையே ஆரம்பிச்சிருச்சு போலன்னு கேப்டன் சவிட்ஸ்கி கொதிச்சுப்போய் அணு டார்பிடோவ (தண்ணிக்கடில பாஞ்சு போற அணுகுண்டு) ரெடி பண்ணுங்கடான்னுட்டாரு. அவர சமாதானப்படுத்துனது கூட இருந்த அதிகாரி வசிலி அர்க்கிபோவ். மனுஷன் முந்தின வருஷம்தான் கே-19ங்கற சோவியத் அணு சப்மரீன்ல ரியாக்டர் கோளாறுல மாட்டி, கதிர்வீச்சுக்கு சக ஆளுங்கள பறிகொடுத்துட்டு வந்தவரு. அணுன்னா என்னன்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

கடைசில சப்மரீன் மேல வந்துச்சு, திரும்பிப் போயிருச்சு. அவ்ளோதான்.

2002ல இந்த நெருக்கடி பத்தி ஹவானால நடந்த கருத்தரங்குக்கு அப்புறம்தான் இது உலகம் பூரா பேச்சாச்சு. அர்க்கிபோவ் 1998லயே போய் சேந்துட்டாரு.