காலைக் காற்று சுத்தம் என்று யார் சொன்னது?

கேரள-தமிழ்நாடு எல்லையில் வாளையார் பக்கம், தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் நான். பாலக்காட்டில் தடகளத்துக்கு மவுசு அதிகம். பறளி, முண்டூர் பள்ளிகளின் பேரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லித் தூண்டிவிட வேண்டியதே இல்லை. ஓட இடம்தான் இல்லை. மைதானம் சின்னது என்பதால் நெடுந்தூரக்காரர்களுக்கு நேஷனல் ஹைவே 544-இன் ஓரம்தான் கதி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசை போய்விட்டது, லாரிகள் போகவில்லை.

'விடியக்காலைக் காத்து உடம்புக்கு நல்லது' என்று பெற்றோர் சொல்வார்கள். தோட்டத்து வீட்டில் அது சரி. மார்கழியில் ரோட்டோரத்தில் சரியில்லை. ராத்திரி தரை குளிர்ந்து, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது மாதிரி நின்றுவிட்டால், டீசல் புகை கலைய வழியில்லை. வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். அதற்குள் ஸ்கூல் மணி அடித்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறார். முழு வேகத்தில் ஓடுபவர் 100 லிட்டருக்கு மேல் இழுப்பார், அதுவும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டலுக்கு வேலையே இல்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நேரே நுரையீரலின் அடிவரை போகும். கார்பன் மோனாக்சைடு வேறு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்துமா இருந்த எத்தியோப்பிய நெடுந்தூர ஓட்டக்காரர் ஹைலே கெப்ரெசெலாசி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானே வேண்டாம் என்று ஒதுங்கியது காற்றுக்குப் பயந்துதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் புகையின் பாதிப்பு இருமலாகத்தான் வரும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 3000 மீட்டரில் கடைசி இரண்டு சுற்றில் தளர்ந்துவிடுவாள். "சார், காலு ஓடுதுங்க, நெஞ்சுதான் புடிச்சுக்குது" என்றாள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கினேன், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்னக் கருவி. முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டு, மூச்சை முட்ட இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே ஊது. மூன்று தடவை ஊதி, அதிகமானதை எழுதிக்கொள்வோம். ஹைவே ஓரம் ஓடிய நாட்களில் ஓட்டத்துக்குப் பிறகு அவள் முள் நன்றாகவே இறங்கி நின்றது. வாய்க்கால் கரையில் ஓடிய நாட்களில் அவ்வளவு இல்லை. இது ஆராய்ச்சி ஒன்றுமில்லை, ஊதுகிறவர் சோம்பினாலும் முள் இறங்கும். ஆனால் டாக்டரிடம் காட்ட அந்த நோட்டு போதுமாக இருந்தது.

டாக்டர் இன்ஹேலர் எழுதினார். 'பழக்கமாயிடுமே' என்று அவள் அம்மா பயந்தார், கூட ஓடும் பிள்ளைகளோ 'டோப்பிங்', அதாவது ஊக்கமருந்து என்றார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எட்டு மணி நேரத்துக்குள் 600-ஐத் தாண்டாமல், முன் அனுமதி இல்லாமலே இழுக்கலாம் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதி. அதை எழுதி ஸ்போர்ட்ஸ் ரூம் கதவில் ஒட்டினேன்.

மாஸ்க் யோசனையும் வந்தது. 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடும் ரிப்பிட்டேஷனுக்கு மாஸ்க் போட்டு ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! காற்றுத் தரம் காட்டும் செல்போன் ஆப்பும் பெரிதாக உதவாது, அதில் வரும் எண் எங்கள் ரோட்டோரத்தில் அளந்தது இல்லையே. அந்த 2.5 மைக்ரான் துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் நாட்டு வரம்பு 60. எது பச்சை, எது மஞ்சள் என்பதே ஆப்புக்கு ஆப் மாறுகிறது.

கடைசியில் இடத்தைத்தான் மாற்றினோம். வாய்க்கால் கரை தூரம், இருட்டு, பாம்பு பயம் வேறு. பெற்றோரில் ஒருவர் முறைவைத்து பைக்கில் லைட் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார். போகிற வழியில் டீக்கடைக்காரர் விடியும்போதே பிளாஸ்டிக்கோடு குப்பையைக் கொளுத்துவார். "ஏனுங்ணா, பிள்ளைங்க திரும்பி வந்தப்புறம் கொளுத்துங்களேன்" என்று கேட்டேன். "கொளுத்தவே கூடாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன் வாத்தியாரே" என்று சிரித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போதைக்கு ஏழரை மணி என்று பேசி வைத்திருக்கிறோம்.