முக்காலா, மூணில் ரெண்டா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பேருந்து நிறுத்தம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகள் தமிழில் அச்சிட்ட அந்தக் கணக்கு வினாத்தாளை விரித்துவைத்து வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன?

"மூணில் ரெண்டு. ரெண்டும் தலை, ஒண்ணு மட்டும் தலை, ரெண்டும் பூ. மூணு வழிதான்" என்றான் ஒரு பையன்.

ஒரு பெண் பையிலிருந்து ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் எடுத்தாள்.

"ஒரு ரூவா தலை, அஞ்சு ரூவா பூ. இப்ப மாத்தி வைக்கறேன், பாரு. இது வேறதான? அப்ப நாலு வழி. முக்கால்டா!"

பையன் காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மெல்லத் தெளிந்தது.

1754இல் பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேரும் இதற்கு மூன்றில் இரண்டு என்றுதான் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் சறுக்கிய இடம் இது!

அதற்குள் யாரோ ஒரு அப்பா, "முடிஞ்சதப் பேசி என்னாகப் போகுது? வண்டில ஏறு" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் கணக்கு அவனுக்குப் புரிந்ததே அந்த நிமிடத்தில்தானே?

கேரளத்தில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளை வாசிக்கவே 15 நிமிடம் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. எழுதி முடித்தபின் இப்படிச் சண்டைபோடவும் ஒரு கால்மணி நேரம் கொடுக்கலாம். கணக்கு டீச்சரும் கூட நின்றால் இன்னும் நல்லது.