பூ பிடிக்கிற கை

பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு சோழர் சிலை படம் தேடினா, விக்கிமீடியா பொதுவகத்துல (யாரு வேணா எடுத்துக்கற மாதிரி படங்களை சேத்து வெக்கிற வெப்சைட்) வந்து நின்னது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (சுருக்கமா மெட்) மியூசியத்துல இருக்குற பார்வதி.

ஜூம் பண்ணிப் பாத்தேன். பூ பிடிக்கிற மாதிரி மடங்கின வலது கை, ஒவ்வொரு விரலும் தனித்தனியா தெரியுது. கீழயே காலம், உயரம், பதிவெண் எல்லாம்.

2017ல மெட் 3,75,000 படங்களை சிசி ஜீரோ உரிமத்துல விட்டுட்டாங்க, யாரு வேணா எடுத்துக்கலாம், காசும் வேணாம், பர்மிஷன் லெட்டரும் வேணாம்.

தஞ்சாவூர் மியூசியத்துல இருக்குற சோழர் வெண்கலச் சிலை, திருவெண்காட்டு ரிஷபவாகனர் மட்டும் என்ன கொறைச்சலா? (என்னக் கேட்டா அதான் ஒசத்தி.)

நம்ம மியூசியங்க நல்ல போட்டோவும், எங்க கெடச்சது, எப்ப வந்ததுன்னு ரெஜிஸ்டர்ல இருக்குறதையும் இதே மாதிரி பொதுவகத்துல ஏத்தி விட்டாலே போதும், கட்டுரை எழுத தமிழ் விக்கிப்பீடியால ஆளு இருக்கு.