கவிதையே விடுகதை: வாட்ஸ்அப்பில் ஒரு குட்டிச் சுழிகுளம்

தை மாதம் தொடங்கிய வேலை, இப்போது ஆடி வந்துவிட்டது. எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் படம், ஸ்டிக்கர் எதுவும் போடாமல் வெறும் எழுத்தை மட்டும் வைத்து என்னென்ன விளையாட்டு காட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர், மீதி சென்னை. கானாடுகாத்தான் வீட்டில் இருப்பது நானும் அப்பத்தாவும்தான்.

ஆரம்பம் சுலபமாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயரை இடம்விட்டுப் பிரித்து விடுகதையாகப் போட்டேன். "காட்டில் ஆட்டுக்குக் காவல் நின்றவன் எந்த ஊர்?" என்று கேட்டால் பதில் கான் ஆடு காத்தான். சுண்ணாம்புக் காரையைக் குடிக்கச் சொல்லும் ஊர் எது என்றால் காரைக் குடி. ஒரே பாட்டைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய காளமேகப் புலவரின் மொழி இது, ஓர் இடைவெளியை நகர்த்தினாலே பொருள் மாறிவிடுகிறது.

அடுத்தது தமிழ் எண்கள். ௧ என்ற ஒன்று க மாதிரி, ௮ என்ற எட்டு அ மாதிரி, ௨ என்ற இரண்டு உ மாதிரி இருக்கும். ௮௧ல் என்று அனுப்பினேன். எல்லோரும் அகல் என்று படித்தார்கள், அதில் 81 ஒளிந்திருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் போனில் அகல் என்று தேடினால் அந்தச் செய்தி வரவே இல்லை. கண்ணுக்கு ஒன்றுதான், கருவிக்கு அது வேறு எழுத்து. ரகசியம் வைக்க நல்ல வழி, ஆனால் பிறகு தேடி எடுக்க வேண்டிய எதையும் இப்படி எழுதாதீர்கள்.

அப்புறம் மாலைமாற்று, அதாவது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது. ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. நான் விகடகவி, மேளதாளமே, தேரு வருதே என்று சின்னதாகத் திரட்டினேன். கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன் "அண்ணே, நீங்க ஒவ்வொண்ணா திருப்பிப் பார்க்க வேணாம், நான் புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று எழுதியும் கொடுத்தான். விகடகவியைப் போட்டால் வந்தது "◌ிவகடகிவ".

நமக்கு விகடகவி ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் வி என்பது வ தனி, அதன் மேல் கொக்கி தனி. கணினி ஏழையும் அப்படியே திருப்பியதால் கடைசிக் கொக்கி ஒட்ட ஆளில்லாமல் முன்னால் வந்து புள்ளி வட்டத்தில் தொங்குகிறது, முதல் வி-யின் கொக்கி பக்கத்துக் க-வில் போய் ஏறிக்கொண்டது. உயிர்மெய்யைப் பிரிக்காமல் சேர்த்துக் கட்டிவிட்டுத் திருப்பச் சொன்ன பிறகுதான் விகடகவி விகடகவியாகவே வந்தது. இந்த எழுத்துக் கணக்கைப் பழைய புலவர்கள் எவ்வளவு கறாராக வைத்திருந்தார்கள் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அதே வேகத்தில் சுழிகுளத்தில் இறங்கினேன். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்தை அடுக்கி வித்தை காட்டும் பாட்டுகளில், ஒன்று. எட்டெழுத்து வீதம் நாலு வரி, புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்தாகக் கணக்கு. முதல் நெடுவரிசையில் மேலிருந்து கீழே இறங்கி, கடைசி நெடுவரிசையில் கீழிருந்து மேலே ஏறினால் முதல் வரியே திரும்ப வரும், அடுத்த உள்சுற்றில் இரண்டாம் வரி, இப்படியே நடுவரை சுழித்துக்கொண்டு போகும். எட்டுக்கு நாலு என் கைக்கு எட்டாது என்று நாலுக்கு இரண்டாகச் சுருக்கினேன். அப்போது விதி ஒன்றுதான்: இரண்டாம் வரி முதல் வரியின் இரண்டாம் எழுத்தில் தொடங்கி மூன்றாம் எழுத்தில் முடிய வேண்டும். பதினொரு நாள் அலைந்தேன். மலையில் என்று வைத்தால் அடுத்த வரி லை-யில் தொடங்க வேண்டும், அதற்கு எங்கே போக? கடைசியில் ஒரு மத்தியானம், வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நடந்துகொண்டிருக்கும்போது கிடைத்தது.

க | வி | தை | யே
வி | டு | க | தை

இடது ஓரம் இறங்கினால் கவி, வலது ஓரம் ஏறினால் தையே. உள்ளே இறங்கினால் விடு, ஏறினால் கதை. பொருளும் தானாக வந்து உட்கார்ந்தது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அனுப்பும்போது வேறு சிக்கல். தை அகலம், டு ஒடுக்கம், நெடுவரிசை நேராக நிற்கவில்லை. பேக்டிக் (`) குறியைச் செய்திக்கு முன்னும் பின்னும் மூன்று முறை போட்டால் ஆங்கில எழுத்தெல்லாம் ஒரே அகலத்தில் வருகிறது, என் போனில் தமிழுக்கு அது நடக்கவில்லை. அதனால்தான் நடுவில் கோடு. முழுக்க நேராகாது, படிக்க வரும். புள்ளிக் கோலத்துக்கு அந்தப் பேக்டிக் நன்றாக உதவியது, புள்ளியும் இடைவெளியும் ஒரே அகலம். முதல் வரியின் இடைவெளியைத்தான் அனுப்பும்போது போன் விழுங்கிவிட்டது. அதற்கும் நம் வீட்டுப் பழக்கமே வழி: முதல் வரியில் பிள்ளையார் சுழி உ போட்டு, அடுத்த வரியில் கோலத்தைத் தொடங்கினேன். இடைவெளி தப்பித்தது.

அப்பத்தாவிடம் சுழிகுளத்தைக் காட்டினேன். நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகிய விரல், திரையைத் தொட்டு இறங்கப் பார்த்தார், செய்தி மேலே ஓடிவிட்டது. "இது நிக்க மாட்டேங்குதே, தாள்ல எழுதிக் குடுப்பா" என்றார். நாள்காட்டித் தாளின் பின்புறம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். விரலால் இறங்கி, ஏறி, உள்ளே இறங்கி, ஏறி, இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு "இன்னும் ஒரு சுத்து வச்சுப் போடு" என்றார்.

அதனால் இப்போது ஆறுக்கு மூன்று. மூன்றாம் வரி, முதல் வரியின் மூன்றாம் எழுத்தில் தொடங்கி நாலாம் எழுத்தில் முடிய வேண்டும். இரண்டு வரி தேறியிருக்கிறது.